வேதத்தின் அடுத்த வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பைபிள் எழுதப்பட்ட காலத்தில் அதைச் சுற்றி வாழ்ந்த பாபிலோனியரும் எகிப்தியரும் கானானியரும் எழுதிவைத்தவற்றையும் நாம் படிக்கவேண்டும் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சில கடிதங்களில் ஆவல், சிலவற்றில் கோபம், ஒன்றில் கண்ணீர். சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாக விடாத மழை. வெளியே போக வழியில்லாததால் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். நோவாவின் வெள்ளக் கதை பாபிலோனியருடைய கில்காமேஷ் காவியத்தில் முன்பே இருக்கிறது, பைபிள் அதைப் பார்த்து எழுதியது என்று விரிவுரையாளர் வகுப்பில் சொன்னார். இரண்டு வாரமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. அவர் சொன்னது பொய்தானே? (மாணவர், குளுவாங்)

பதில்: தம்பி, ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரமாயிற்று. ஆறுதலுக்காக உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். விரிவுரையாளர் சொன்ன செய்தி உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் அவசரப்பட்டது.

செய்தியை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய ஈராக்கில் உள்ள நினிவேயில் அசூர்பானிபால் என்ற அசீரிய அரசன் களிமண் பலகைகளால் ஆன ஒரு நூலகம் வைத்திருந்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது தோண்டியெடுக்கப்பட்டு, பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழிலாளி. மதிய உணவு நேரத்தில் அருங்காட்சியகத்துக்கு நடந்துபோய், களிமண்ணில் ஆப்பு வடிவக் கீறல்களால் எழுதிய ஆப்பெழுத்தைத் தாமாகவே கற்றவர். 1872ஆம் ஆண்டு ஓர் உடைந்த பலகையில், மலைமேல் தட்டி நின்ற கப்பலையும் அதிலிருந்து அனுப்பிய புறாவையும் பற்றிய வரிகளை அவர்தான் முதலில் படித்தார். அந்த டிசம்பர் 3ஆம் தேதி அவர் அதை அறிஞர் சபையில் வாசித்தபோது பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து உட்கார்ந்திருந்தார்.

கதை இது. தேவர்கள் கூடி வெள்ளத்தால் மனிதரை அழிப்பதென்று முடிவெடுக்கிறார்கள். யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம். ஏயா என்ற தேவனுக்கு மனம் கேட்கவில்லை. உத்நாபிஷ்டிம் என்ற தன் பக்தனிடம் நேராகச் சொன்னால் சத்தியம் தவறியதாகிவிடும். ஆகவே அவன் வீட்டு நாணல் சுவரிடம் சொல்கிறான்: நாணல் குடிசையே, சுவரே, கேள், வீட்டை இடித்துப் படகு கட்டு, உடைமையை விடு, உயிரைக் காப்பாற்று. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் கேட்டுக்கொள்கிறான். படகு கட்டிக் கீல் பூசுகிறான். ஆறு பகல், ஏழு இரவு புயல். படகு ஒரு மலையில் தட்டி நிற்கிறது. புறாவும் தகைவிலான் குருவியும் திரும்பி வருகின்றன. கடைசியாக அனுப்பிய காகம் திரும்பவில்லை. இறங்கிப் பலி இடுகிறான். பசியோடிருந்த தேவர்கள் அந்த வாசனைக்கு ஈக்களைப்போல மொய்க்கிறார்கள்.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், தம்பி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அது கூரையைத் தொடாது. அடுத்த வீட்டுப் பேச்சு மேலே எழும்பி நம் பக்கம் இறங்கும். அந்த வீட்டுப் பாட்டி ஒரு கதை சொன்னால், என் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அப்படி இல்லை, நடந்தது இப்படி" என்று எங்களுக்கு வேறு விதமாகச் சொல்வார். இரண்டும் ஒரே ஊர்க் கதை. ஆனால் அம்மா சொன்னது பாட்டியின் கதைக்குப் பதில். பாட்டி சொன்னது காதில் விழாதவனுக்கு அம்மா ஏன் அந்த இடத்தில் குரலை உயர்த்தினார் என்று விளங்காது.

ஆதியாகமத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆபிரகாம் புறப்பட்டது, இன்றைய ஈராக்கில் இருந்த ஊர் என்ற மெசொப்பொத்தாமிய நகரிலிருந்து. அவன் சந்ததியார் சிறைப்பட்டுப் போய்ச் சேர்ந்ததும் பாபிலோனுக்கு. அந்த மண்ணின் வெள்ளக் கதை இஸ்ரவேலர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. பார்த்து எழுதினார்களா என்று கேட்பதைவிட, கேட்டுவிட்டு என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்பதுதான் சரி.

இதைச் சொல்ல கில்காமேஷைவிடப் பழைய இன்னொரு நூல் எனக்கு வேண்டும். அதன் பெயர் அத்ரஹாசிஸ். நம்மிடம் உள்ள முக்கியமான படிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. துண்டு துண்டாகக் கிடந்ததைச் சேர்த்து 1969இல் லாம்பர்ட், மில்லர்ட் என்ற இருவர் வெளியிட்டார்கள். முதன்முதலில் அதன் தொடக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதன் உண்டாவதற்கு முன், சிறிய தேவர்கள்தான் கூலிவேலை செய்தார்களாம். ஆறும் வாய்க்காலும் வெட்டினார்கள். பெரிய தேவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் சிறிய தேவர்கள் பொறுக்கமுடியாமல் மண்வெட்டியையும் கூடையையும் போட்டு எரித்துவிட்டு, நடுராத்திரியில் என்லில் என்ற தலைமைத் தேவனின் மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலைநிறுத்தம்! ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்பே அதை எழுதிவைத்திருக்கிறார்கள். தீர்வு என்ன? ஒரு தேவனைக் கொன்று, அவன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணில் குழைத்து மனிதனைச் செய்தார்கள். இனிமேல் நுகமும் கூடையும் அவன் தோளில். தேவர்களுக்கு ஓய்வு.

பிறகு மனிதர் பெருகினார்கள். சத்தம் பெருகியது. என்லிலுக்குத் தூக்கம் கெட்டது. கொள்ளைநோய் அனுப்பினான், பஞ்சம் அனுப்பினான், கடைசியில் வெள்ளம். வெள்ளம் வடிந்த பிறகு, இனி இவர்கள் பெருகாதபடி மலடும் சிசு மரணமும் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

என் அம்மா 30 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரையில் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்தவர். தோளில் காய்ப்பு சாகும்வரை இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஏதேன் தோட்டம் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, "அந்தத் தோட்டத்துக்குத் துரை யார், அங்கே பெரட்டு உண்டா" என்று அவரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த தோட்டம் அது ஒன்றுதானே! அம்மா கொஞ்சம் யோசித்து, "அங்கே துரையே மண்ணில் முட்டிபோட்டு மனுஷனைச் செய்தார்" என்றார். அத்ரஹாசிஸைப் படித்தபோது அம்மா சொன்ன அந்தப் பதில் எனக்கு முழுதாக விளங்கியது. அடுத்த வீட்டில் மனிதன் தேவர்களுடைய கூலி. ஆதியாகமத்திலோ மனிதன் தேவசாயல். எகிப்திலும் அசீரியாவிலும் பெரும்பாலும் அரசனைத்தான் தேவனுடைய சாயல் என்றார்கள்; இங்கே ஆணும் பெண்ணுமாக எல்லோரும் சாயல். அங்கே தேவர்கள் ஓய்வெடுக்க மனிதன் உழைக்கிறான். இங்கே ஏழாம் நாள் ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும்கூட உண்டு. அங்கே வெள்ளத்துக்குக் காரணம் சத்தம். இங்கே, "பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது". அதைப் பார்த்த கடவுளின் இருதயத்துக்கு அது விசனமாயிருந்தது. அங்கே வெள்ளத்துக்குப் பின் பிள்ளைகள் சாகட்டும் என்ற ஏற்பாடு. இங்கே நோவா கப்பலைவிட்டு இறங்கியதும் அவனுக்குக் கிடைத்த வார்த்தை, "நீங்கள் பலுகிப் பெருகி, பூமியை நிரப்புங்கள்."

தம்பி, விரிவுரையாளர் உங்களுக்குக் கொடுத்தது ஒரு சாவி. அவர் அதைப் பூட்டு என்று நினைத்துவிட்டார். அவரிடம் போய் அத்ரஹாசிஸின் முதல் பலகையைப் பற்றிக் கேளுங்கள். சண்டை போடாமல் கேளுங்கள். இன்றிரவு ஜெபிக்கவும் முயன்று பாருங்கள்.

கேள்வி: புறஜாதியாரின் புராணங்களைச் சபைக்குள் கொண்டுவருவது ஆபத்து. வேதம் ஒன்றே போதும் என்றுதானே நம் முன்னோர் நமக்குக் கற்பித்தார்கள்? (மூப்பர் ஒருவர், ஈப்போ)

பதில்: ஐயா, உங்கள் கவலை விசுவாசத்திலிருந்து வருவது, அதை மதிக்கிறேன். ஆனாலும் உடன்பட முடியவில்லை. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவன் என்று ஸ்தேவான் சாகுமுன் பேசிய பேச்சில் பெருமையாகவே சொல்கிறான். தானியேலுக்குக் கல்தேயரின் எழுத்தும் பாஷையும் கற்பிக்கப்பட்டன. ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றவன் அந்தப் படிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில், "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று எடுத்துக்காட்டினானே, அந்தப் புலவர்களில் ஒருவர் ஆராட்டஸ். பவுலின் தர்சு பட்டணம் இருந்த அதே சிலிசியா நாட்டுக்காரர். பிறர் கவிதையை மனப்பாடமாக வைத்திருந்த அப்போஸ்தலனின் நிருபங்களை நாம் பிரசங்கபீடத்தில் வைத்து வாசிக்கிறோம். நம் வாலிபர்கள் இதையெல்லாம் கைத்தொலைபேசியில் யாரோ சொல்லக் கேட்டு நடுங்குவதைவிட, சபையில் நம் வாயால் கேட்பது நல்லது.

கேள்வி: "கண்ணுக்குக் கண்" என்பது எவ்வளவு கொடூரம்! அடிமைகளைப் பற்றிய சட்டங்களை வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடவுளின் சட்டத்தில் அடிமைகள் எப்படி? (குடும்பத் தலைவி, காப்பார்)

பதில்: அம்மா, உங்கள் வெட்கம் நேர்மையானது. யாத்திராகமம் 21இல் எஜமான் அடித்த அடிமை இரண்டொரு நாள் உயிரோடு கிடந்து பிறகு செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அவன் எஜமானின் பணம் என்று ஒரு வசனம் இருக்கிறது. அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. அதை நியாயப்படுத்தி ஒரு வரிகூட நான் எழுதமாட்டேன்.

ஆனாலும் அந்தச் சட்டங்கள் எந்தத் தெருவில் நின்று பேசின என்று பாருங்கள். பாபிலோன் அரசன் ஹம்முராபி கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்டவன். அவன் சட்டங்கள் பொறித்த, ஆள் உயரத்துக்கும் மேலான கறுப்புக் கல் 1901–02இல் இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் 282 சட்டங்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். அங்கேயும் கண்ணுக்குக் கண் உண்டு, ஆனால் உயர்குடியான் கண்ணுக்கு மட்டும். சாதாரணக் குடியானவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா வெள்ளி கட்டினால் போதும். அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி. அதுவும் எஜமானுக்குத்தான் போகும். மோசேயின் சட்டத்தில், ஒருவன் தன் அடிமையின் கண்ணையோ பல்லையோ கெடுத்தால் அவனை விடுதலை செய்து அனுப்பவேண்டும். ஒரு பல்லுக்கு விடுதலை! கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், ஹம்முராபியின் சட்டம் கொத்தனாரின் மகனைக் கொல்லச் சொல்கிறது. உபாகமம் 24 அப்பனுக்காகப் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஓடிப்போன அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தவனுக்கு மரண தண்டனை என்பது ஹம்முராபியின் 16ஆவது சட்டம். பிடித்துக்கொடுத்தவனுக்கு இரண்டு சேக்கல் வெள்ளி வெகுமதி என்பது அடுத்த சட்டம். உபாகமம் 23:15, 16 என்ன சொல்கிறது? எஜமானுக்குத் தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே, உன் ஊர்களில் அவனுக்குப் பிடித்த இடத்தில் அவன் இருக்கட்டும், அவனை ஒடுக்காதே. அண்டை நாட்டுச் சட்டங்களைப் படித்த பிறகே இந்த இரண்டு வசனமும் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்குத் தெரிந்தது.

என் தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்தவர். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது; அதற்குமுன் தோட்டத்தைவிட்டு ஓடுவது சிறைக்குப் போகும் குற்றம். காய்ச்சலோடு வேலைக்கு இழுத்ததால் தாத்தா ஓடினார். காட்டு வழியாக இரண்டு நாள் நடந்து வேறொரு தோட்டத்து லயத்தில் ஏறியபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவரைப் பதினொரு நாள் விறகுக் கொட்டகையில் மறைத்துவைத்துக் கஞ்சி ஊற்றினார். அந்தப் பெண்ணுக்கு எழுத்தும் தெரியாது, உபாகமமும் தெரியாது. அவர் மறைத்திராவிட்டால் நான் இல்லை. சபையில் யாராவது மோசேயின் சட்டம் பழையது, கடுமையானது என்று ஒரே வார்த்தையில் தள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த விறகுக் கொட்டகைதான் கண்ணில் வரும்.

கேள்வி: குழந்தை மோசேயை நாணல் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதை சர்கோன் அரசனின் கதையிலிருந்து எடுத்ததாமே? (வாசகர், தைப்பிங்)

பதில்: மெசொப்பொத்தாமியாவின் பழைய அரசன் சர்கோனின் தாயும் அவனை நாணல் கூடையில் வைத்துக் கீல் பூசி ஆற்றில் விட்டாள், தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் எடுத்து வளர்த்தான் என்று ஒரு பலகை சொல்வது சரிதான். நம் குந்தியும் கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். ஒத்த கதைகளெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கவேண்டியதில்லை. ஒப்பீட்டில் பைத்தியம் பிடித்து அலைவதை சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத அறிஞர் 1962இலேயே கண்டித்து எழுதியிருக்கிறார். ஒப்புமையைக் காட்டிலும் வேறுபாட்டை உற்றுப் பாருங்கள்: சர்கோன் அரசனாகிறான், மோசே அரண்மனையைவிட்டுச் செங்கல் சூளைக்காரர்களிடம் போகிறான்.

கேள்வி: எலியா ஏன் மழையை நிறுத்தினார்? கர்மேல் மலையில் தீர்க்கதரிசிகள் தங்களை ஏன் கீறிக்கொண்டார்கள்? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டு எனக்குப் பதில் தெரியவில்லை. (ஞாயிறு பள்ளி ஆசிரியை, கூலிம்)

பதில்: மகளே, அருமையான பிள்ளைகள்! 1928இல் சிரியா கடற்கரை ஓரம் ஓர் உழவனின் கலப்பை ஒரு கல்லறையில் தட்டியது. அடுத்த ஆண்டு தோண்டத் தொடங்கினார்கள். உகாரித் என்ற பழைய நகரம் வெளிவந்தது. 30 எழுத்துகள் கொண்ட அகரவரிசையில் களிமண்ணில் எழுதிய பாடல்கள் கிடைத்தன. கர்மேல் மலையில் தங்களைக் கீறிக்கொண்டவர்கள் பாகால் என்ற கானானிய மழைத் தேவனின் தீர்க்கதரிசிகள். அதுவரை பாகாலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவன் எதிரிகள் சொன்னதுதான். இப்போது பாகாலை வணங்கியவர்களின் குரலே கிடைத்துவிட்டது.

அந்தப் பாடல்களில் பாகால் மேகங்களின்மேல் ஏறிவருபவன். இடி அவன் குரல். மோத் என்னும் சாவு அவனை விழுங்கும்போது வயலின் உழவுசால் காய்ந்துபோகிறது. இன்னொரு பாடலில், ஏழு வருஷம் பாகால் தவறுவான், பனியில்லை, மழையில்லை என்ற வரி வருகிறது. இப்போது 1 இராஜாக்கள் 17ஐத் திறந்து எலியாவின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள்: பனியும் மழையும் பெய்யாதிருக்கும். பாகாலை வணங்கிய இஸ்ரவேல் ராஜா ஆகாபின் அரண்மனையில் அந்தச் சொற்கள் எப்படி விழுந்திருக்கும்! மழைக்காரன் என்று நீங்கள் கொண்டாடுகிறவனின் கையிலிருந்தே மழையை எடுத்துவிட்டேன் என்கிறான். உடம்பைக் கீறிக்கொள்வது பற்றிய விவரமும் உண்டு: பாகால் செத்தான் என்று கேட்டதும் தேவர்களின் தகப்பனான ஏல் தன் உடம்பைக் கீறிக்கொண்டு அழுகிறான். "மேகங்களைத் தமது இரதமாக்கி" என்று சங்கீதம் 104 பாடும்போதும் அந்த இரதத்தில் யார் உண்மையில் ஏறுகிறார் என்ற வழக்குதான் நடக்கிறது. ஏசாயா 27இல் வரும் லிவியாதான் பாம்பும் அங்கே லோத்தான் என்ற பெயரில், கிட்டத்தட்ட அதே அடைமொழிகளோடு நெளிகிறது.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: நம் ஊரில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அவர்கள் ஊரில் மழை இல்லையென்றால் சோறே இல்லை. அதனால்தான் மழை யாருடையது என்பதற்கு அவ்வளவு பெரிய போட்டி.

கேள்வி: நீதிமொழிகளில் ஒரு பகுதி எகிப்தியருடையது என்கிறார்களே? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, பீடோர்)

பதில்: ஆமெனெமோபே என்ற எகிப்திய அதிகாரி தன் மகனுக்குச் சொன்ன புத்திமதி, 30 அதிகாரங்கள், பாப்பிரஸ் சுருளாக லண்டனில் இருக்கிறது. 1923இல் அது முழுதாக அச்சானது. மறு ஆண்டே எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் நீதிமொழிகள் 22:17க்கு மேல் வரும் பகுதியோடு அது நெருங்கிப்போவதைக் காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே, செல்வம் இறகு முளைத்துப் பறந்துவிடும் என்பவை இரண்டிலும் உண்டு. எகிப்தில் செல்வம் வாத்தாகப் பறக்கிறது, நீதிமொழிகளில் கழுகாக. 22:20இல் உள்ள எபிரேயச் சொல்லை "முப்பது" என்று வாசிக்கவேண்டும் என்பதும் பலர் முடிவு. இதை மறைக்கவேண்டிய அவசியமே இல்லை. சாலொமோனின் ஞானம் எகிப்தியரின் ஞானத்தைவிடச் சிறந்தது என்று வேதமே ஒப்பிட்டுச் சொல்கிறது; ஒப்பிடுகிறவன் மற்றதையும் படித்திருக்கவேண்டும். நல்லது எங்கே இருந்தாலும் வாங்கிக்கொண்டு, அதன் அடியில் தங்கள் கடவுளின் பெயரை எழுதினார்கள். எல்லைக்கல்லை நகர்த்தாதே, திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தைப் பறிக்காதே என்ற இடத்தில் நீதிமொழிகள் சேர்க்கும் காரணம் எகிப்தியனிடம் இல்லை: அவர்களுடைய மீட்பர் வல்லவர்.

ஐயா, நீங்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆமெனெமோபே, தராசில் கைவைக்காதே, எடைக்கல்லைக் குறைக்காதே, தராசின் பக்கத்தில் தேவன் உட்கார்ந்திருக்கிறான் என்கிறார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11. நான் வளர்ந்த தோட்டத்து ஸ்டோரில் அம்மாவின் பாலை நிறுத்துவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு ராத்தல் கழிப்பார்கள். அம்மா ஒரு நாளும் தண்ணீர் கலந்தவரில்லை. பத்து வயதில் வாளியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். எகிப்தில் ஒருவர், எருசலேமில் ஒருவர் அந்தத் தராசைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் 400 ஆண்டு வெற்றிடமா? (வாசகி, சித்தியவான்)

பதில்: பழைய ஏற்பாட்டின் கடைசி நூலுக்கும் புதிய ஏற்பாட்டின் முதல் நூலுக்கும் நடுவில் வெற்றிடமே இல்லை. யோவான் 10:22இல் இயேசு "தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை" சமயத்தில் சாலொமோன் மண்டபத்தில் உலாவுகிறார். அந்தப் பண்டிகை பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. கத்தோலிக்கர் வேதத்தில் உள்ள மக்கபேயர் நூலில்தான் அதன் கதை இருக்கிறது. கி.மு. 164இல் யூதா மக்கபே ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்த நினைவு அது. யூதா நிருபம் மேற்கோள் காட்டும் ஏனோக்கு நூலும் இந்த இடைக்காலத்தது. 1947 முதல் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த சுருள்களில் அதன் துண்டுகளும் இருந்தன. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமான ஏசாயா சுருளும் அங்கேதான் கிடைத்தது. அதுவரை கையில் இருந்த முழு எபிரேயப் படிகளைவிட அது ஆயிரம் ஆண்டு மூத்தது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மாதம் எழுதவேண்டும்.

கேள்வி: சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு வேதத்தில் தமிழ்ப் பெயராமே? (வாசகர், பாரிட் புந்தார்)

பதில்: 1 இராஜாக்கள் 10:22இல் வரும் "துக்கி" என்ற எபிரேயச் சொல் நம் "தோகை"யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார், இன்றும் பலர் அப்படிக் கருதுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். தமிழ்ப் பற்றுக்காக இதை உறுதி என்று மேடையில் முழங்கவேண்டாம். இருக்கலாம் என்று சொன்னாலே மகிழ்ச்சிதான்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இதையெல்லாம் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது? (வாலிபர் தலைவி, ரவூப்)

பதில்: ஜேம்ஸ் பிரிச்சர்ட் தொகுத்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1950இல் வெளியிட்ட பெரிய தொகுப்பில் நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, 1969இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்க்கைகளும் உண்டு. கனமான புத்தகம். அதில் தொடங்கினால் பாதிப்பேர் மறுவாரம் வரமாட்டார்கள்.

சங்கீதம் 104இல் தொடங்குங்கள் மகளே. எகிப்து அரசன் அக்நாதனின் காலத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில், சூரியனைப் போற்றி எழுதிய ஒரு பாடல் அமர்னாவில் ஒரு கல்லறைச் சுவரில் இருக்கிறது. இரவில் சிங்கம் குகையிலிருந்து புறப்படுகிறது, விடிந்ததும் மனிதர் வேலைக்குப் போகிறார்கள், கடலில் கப்பல்கள் போகின்றன. அதை முதலில் ஒருவர் நிறுத்தி வாசிக்கட்டும். பிறகு சங்கீதத்தை இன்னொருவர் வாசிக்கட்டும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பிள்ளைகளே பென்சிலால் கோடு போடட்டும். சங்கீதத்தில் சூரியன் தன் அஸ்தமனத்தை அறிந்த வேலைக்காரன் மட்டுமே என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது வாரத்துக்கு அத்ரஹாசிஸ். அதன் தொடக்கப் பகுதியை, சிறிய தேவர்கள் மண்வெட்டியை எரித்து என்லிலின் வாசலைச் சூழ்வது வரைக்கும், நான் எனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், பதினாலு பக்கம். முகவரி எழுதிய உறையை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். படி எடுத்து அனுப்புகிறேன்.